மவுத்பீஸ் அளக்கும் கண்ணாடி, ஃபில்லர் கேஜ், ஆப்புக் கேஜ்: இவை காட்டும் அளவு சரியா என்று எப்படிச் சோதிப்பது?

கருங்குழல் | செவ்வாய், இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். கிளாரிநெட், சாக்ஸபோன் பழுது பார்க்கிறவன் நான். பேடு மாற்றுவது, கார்க் ஒட்டுவது, ஸ்பிரிங் போடுவது எல்லாம் 16 வருடப் பழக்கம். மவுத்பீஸ் ரீஃபேசிங்கில், அதாவது ரீடு (ஊதும்போது அதிரும் நாணல் பட்டை) உட்காரும் முகத்தின் வளைவை (ஃபேசிங்) தேய்த்துச் சரிசெய்வதில் மட்டும் இப்போதுதான் இறங்குகிறேன். அதற்காக எரிக் பிராண்டு என்பவரின் அளவு முறைப்படி ஒரு செட் வாங்கினேன். அரை மி.மீ.க்கு ஒரு கோடு போட்ட கண்ணாடி, 0.0015, 0.010, 0.024, 0.034 அங்குலத்தில் நான்கு ஃபில்லர் தகடுகள், டிப் ஓப்பனிங் (மவுத்பீஸ் நுனிக்கும் ரீடுக்கும் உள்ள இடைவெளி) பார்க்க ஓர் ஆப்புக் கேஜ். கண்ணாடியை ரீடு இருக்கும் இடத்தில் வைத்து, இடுக்கில் தகட்டை விட்டு, அது எந்தக் கோட்டில் நிற்கிறது என்று படிக்க வேண்டும்.

பழகுவதற்கு என்னுடைய சொந்த வான்டோரன் கம்பெனி பி45 மவுத்பீஸை எடுத்தேன். ஆறு வருடமாக நான் வாசிப்பது. கம்பெனி அட்டவணையில் இதன் டிப் ஓப்பனிங் 119.5, அதாவது 1.195 மி.மீ. என் ஆப்புக் கேஜில் 1.24 வருகிறது. மெல்லிய தகடு (0.0015) அதைவிட மோசம். ஒரு தடவை 34வது கோட்டில் நிற்கிறது, அடுத்த தடவை 37, பிறகு 34½, திரும்ப 36½.

தவறு கேஜிலா, மவுத்பீஸிலா, என் கையிலா? இது தெரியாமல் உப்புத்தாளைத் தொட எனக்கு மனம் வரவில்லை. தேய்த்த எபோனைட்டை (மவுத்பீஸ் செய்யும் கெட்டி ரப்பர்) திரும்ப ஒட்ட முடியாதே.

---

டூல்ரூம் பெரியவர் | செவ்வாய், இரவு 10.05

தம்பி, உப்புத்தாளைத் தொடாமல் நிறுத்தினீர்கள் பாருங்கள், அது நல்ல காரியம்.

நான் வாத்தியக்காரன் இல்லை. அம்பத்தூரில் டூல்ரூம் இன்ஸ்பெக்‌ஷனில் 31 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். பேரன் கிளாரிநெட் கற்றுக்கொள்கிறான், அதனால் இந்தப் பக்கம் வருகிறேன். கேஜ் எந்தத் தொழிலுக்குப் போனாலும் கேஜ்தான்.

உங்களுக்கு இரண்டு விதமான சந்தேகம் இருக்கிறது, இரண்டையும் கலக்காதீர்கள். ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப அளந்தால் ஒரே எண் வருகிறதா என்பது ஒன்று. அந்த எண் உண்மையா என்பது வேறு. முதலாவதைத் தீர்க்காமல் இரண்டாவதுக்குப் போகக் கூடாது. நாளைக்கு உட்கார்ந்து பத்து தடவை அளந்து எழுதுங்கள். ஒவ்வொரு தடவையும் கண்ணாடியை முழுக்க எடுத்துத் துடைத்து மறுபடி வைக்க வேண்டும். வைத்த கண்ணாடியை அசைக்காமல் பத்து தடவை படிப்பது சோதனை ஆகாது. இன்னொன்று, மவுத்பீஸ் திறப்பின் இரு பக்க விளிம்புகளான ரெயில்களில், இடது ரெயில் எத்தனை, வலது ரெயில் எத்தனை என்று தனித்தனியாக எழுதுங்கள். நீங்கள் கொடுத்த நான்கு எண்களில் எது எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

---

பேண்டு மாஸ்டர் மகன் | புதன், காலை 7.30

அண்ணா, எங்கள் அப்பா 40 வருடம் திருமண பேண்டிலும் சர்ச் பேண்டிலும் வாசித்தார். கேஜை அவர் கண்ணால் பார்த்தது கூடக் கிடையாது. ரீடை வைத்து ஊதினால் தெரிந்துவிடும் என்பார். இந்த 0.04 மி.மீ.க்கு இவ்வளவு பாடு தேவையா? குறை சொல்லவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

---

சோடியம் விளக்கு | புதன், காலை 8.15

பேண்டு மாஸ்டர் மகன், அப்பா சொன்னது சரி. ஊதிப் பார்ப்பதுதான் கடைசித் தீர்ப்பு. ஆனால் 0.04ஐச் சின்ன அளவாக நினைக்க வேண்டாம். அதே கம்பெனியின் 5ஆர்வி லைரில் டிப் ஓப்பனிங் 1.095, பி45ல் 1.195. இரண்டுக்கும் 0.10 மி.மீ.தான் வித்தியாசம். பழைய ரீடையே மாற்றி வைத்து வாசித்தால் இரண்டும் வேறு வேறு மவுத்பீஸ் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். அந்த 0.10ல் பாதிக்குக் கொஞ்சம் குறைவு 0.04. கர்நாடக இசை வாசிப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம் என்பது என் எண்ணம். கிளாரிநெட் மேதை ஏ.கே.சி. நடராஜன் அவர்கள் காட்டிய வழியில் கமகங்களை உதட்டாலும் தாடையாலும் இழைத்து வாசிக்கும்போது, ரீடு மூட எவ்வளவு தூரம் இருக்கிறது என்பது வாய்க்கு நன்றாகவே தெரியும்.

கருங்குழல், மெல்லிய தகடு ஏன் இப்படி ஆடுகிறது என்பதற்கு ஒரு கணக்கு. ஃபேசிங் வளைவை ஒரு வட்டத்தின் துண்டாக எடுத்துக்கொள்வோம். டிப் 1.195, மெல்லிய தகடு நிற்பது 34ல் என்றால் வட்டத்தின் ஆரம் ஏறத்தாழ 179 மி.மீ. வரும். மற்ற மூன்று தகடுகளும் சுமாராக 22, 12, 6ல் நிற்க வேண்டும். இந்த வளைவில் தகட்டின் தடிமன் 0.01 மி.மீ. தவறினால், 0.034 தகடு கால் கோடு கூட நகராது. அதே தவறு 0.0015 தகட்டில் இருந்தால் கிட்டத்தட்ட ஒரு முழுக் கோடு நகர்ந்துவிடும். வளைவு ஆரம்பிக்கும் இடத்தில் சரிவு அவ்வளவு குறைவு, அதுதான் காரணம். ஆக, நான்கு தகடுகளில் அந்த ஒன்றைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

---

கருங்குழல் | புதன், இரவு 10.40

பெரியவர் சொன்னபடி பத்து தடவை அளந்தேன். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

டிப்: பத்தில் ஏழு தடவை 1.24, இரண்டு தடவை 1.23, ஒரு தடவை 1.25.
மெல்லிய தகடு, இடது ரெயில்: 36½க்கும் 37½க்கும் நடுவில்.
வலது ரெயில்: 34க்கும் 35க்கும் நடுவில்.

கை ஆடுகிறது என்று நினைத்தேன். நேற்று நான் இடது ரெயிலையும் வலது ரெயிலையும் கலந்து எழுதியிருக்கிறேன், அவ்வளவுதான்.

---

டூல்ரூம் பெரியவர் | வியாழன், காலை 6.10

பாருங்கள், நேற்று இருந்த குழப்பத்தில் பாதி போய்விட்டது. உங்கள் கை நல்ல கைதான்.

இனி இடது வலது வித்தியாசம் மவுத்பீஸில் இருக்கிறதா, அளக்கும் முறையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டூல்ரூமில் இதற்குத் திருப்பிப் பார்ப்பதுதான் வழி. ரசமட்டத்தைத் திருப்பி வைத்துக் குமிழி எங்கே நிற்கிறது என்று கொத்தனார் பார்ப்பார் இல்லையா, அதேதான். தகட்டைத் தலைகீழாகத் திருப்பி ஒரு தடவை அளங்கள். பிறகு மவுத்பீஸை மற்றக் கையில் பிடித்து, தகட்டை எதிர்ப்பக்கத்திலிருந்து விட்டு ஒரு தடவை. வித்தியாசம் மவுத்பீஸோடு போகிறதா, கையோடு போகிறதா, தகட்டோடு போகிறதா என்று கவனியுங்கள். எதோடு போகிறதோ அங்கேதான் கோளாறு.

தகட்டைத் தள்ளாதீர்கள். மெல்லிய தகட்டை ஒரு மூச்சு அதிகம் தள்ளினாலும் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகும். மவுத்பீஸை டிப் மேலே இருக்கும்படி நிமிர்த்திப் பிடித்து, தகடு தன் எடையில் இறங்கி நிற்கட்டும். தகட்டில் எண்ணெய்ப் பூச்சு இருந்தால் பெட்ரோலில் துடைத்துவிடுங்கள். புதுத் தகடு எல்லாம் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெயோடுதான் வரும்.

அடுத்து ஆப்புக் கேஜ். இதற்கு ஸ்லிப் கேஜ் (தடிமன் துல்லியமாகத் தெரிந்த எஃகு பிளாக்) வேண்டும். பக்கத்தில் ஏதாவது டை ஷாப் இருந்தால் அரை மணி நேரம் கேட்டுப் பாருங்கள், தருவார்கள். சர்ஃபேஸ் பிளேட்டில் (துல்லியமான சமதளப் பலகை) 1.20 பிளாக்கை வைத்து, அதன் மேல் உங்கள் கண்ணாடியை, பூஜ்யக் கோடு உள்ள முனை வெளியே நீட்டி நிற்கும்படி படுக்க வையுங்கள். சாயாமல் பிளாக்குக்கு நேர் மேலே விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். இப்போது கண்ணாடிக்குக் கீழே இருப்பது சரியாக 1.20 மி.மீ. இடைவெளி. ஆப்பை விட்டுப் பாருங்கள். அதையே 1.00, 1.50 பிளாக்கிலும் செய்யுங்கள். வேறு கண்ணாடி எதுவும் வேண்டாம், நீங்கள் தினமும் பயன்படுத்தும் அதே கண்ணாடிதான். கண்ணாடியும் ஆப்பும் சேர்ந்துதான் உங்கள் கேஜ்.

---

கடலோரக் கிளாரிநெட் | வியாழன், மதியம் 1.20

நான் டிப்புக்கு டயல் கேஜ் பயன்படுத்துகிறேன். அதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. கண்ணாடித் துண்டின் மேல் வைத்துப் பூஜ்யம் போட்டு, பிறகு 1.00 ஸ்லிப் கேஜில் சரிபார்ப்பேன். டயலின் பின்னை எப்போதும் ஒரே திசையிலிருந்துதான் இறக்க வேண்டும். மேலிருந்து ஒரு தடவை, கீழிருந்து ஒரு தடவை என்றால் முள் ஒரே இடத்தில் நிற்காது. டிப் ரெயில் (மவுத்பீஸின் நுனி விளிம்பு) மிக மெல்லியது. பின்னின் முனை அதைத் தாண்டி உள்பக்கச் சரிவில் இறங்கிவிட்டால் 0.05 அதிகம் காட்டும், நமக்குத் தெரியவே தெரியாது. லூப்பை (சின்ன உருப்பெருக்கி) வைத்துப் பின் எங்கே தொடுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் படிப்பேன்.

ஒரு சந்தேகம். எங்கள் ஊரில் மே மாதத்தில் பட்டறைக்குள் 37 டிகிரி. வெப்பத்தால் அளவு மாறாதா?

---

சோடியம் விளக்கு | வியாழன், மாலை 5.45

உலகம் முழுக்க நீள அளவுக்கு அடிப்படை வெப்பநிலை 20 டிகிரி. எபோனைட் இரும்பைவிடப் பல மடங்கு அதிகம் விரியும். இருந்தாலும் 17 மி.மீ. நீள ஃபேசிங் 17 டிகிரி கூடினால் 0.02 மி.மீ. அளவுக்குத்தான் நீளும். அரை மி.மீ. கோட்டில் அது கண்ணுக்கே தெரியாது. 1.2 மி.மீ. டிப்பில் ஒன்றிரண்டு மைக்ரான். அதை விட்டுவிடலாம். வாசித்து முடித்த கையோடு ஈரமும் சூடுமாக இருக்கும் மவுத்பீஸை மட்டும் அளக்க வேண்டாம்.

கண்ணாடியைப் பற்றிச் சொல்ல வேண்டியது இருக்கிறது. கோடு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். கோடு போட்ட முகம்தான் மவுத்பீஸைத் தொட வேண்டும். மாற்றி வைத்தால், 6 மி.மீ. தடிமனான கண்ணாடியில் கண் வெறும் 10 டிகிரி சாய்ந்தாலே கோடு 0.7 மி.மீ. தள்ளித் தெரியும். ஒன்றரைக் கோடு போய்விட்டது.

நான் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். என் கண்ணாடியைப் பயணிக்கும் நுண்ணோக்கியின் கீழே வைத்து 0 முதல் 50 வரை கோடுகளைப் பார்த்தேன். அது 0.01 மி.மீ. வரை படிக்கும். 25 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 25.01 வந்தது. கோடுகள் சரி. ஆனால் பூஜ்யக் கோட்டுக்கும் கண்ணாடி விளிம்புக்கும் 0.12 மி.மீ. இடைவெளி இருந்தது. நான் இதுவரை விளிம்பை டிப்போடு சேர்த்து வைத்துத்தான் அளந்துகொண்டிருந்தேன். என் எண்கள் எல்லாமே கால் கோடு தவறு.

நேற்று இரவு இந்த இழையைப் படித்ததிலிருந்து ஒரு யோசனை ஓடிக்கொண்டே இருந்தது. இன்று ஆய்வகத்தில் செய்து பார்த்துவிட்டேன். பி.எஸ்.சி. படித்தவர்களுக்குக் காற்று ஆப்பு பரிசோதனை நினைவிருக்கும். இரண்டு கண்ணாடித் தகடுகளை ஒரு முனையில் சேர்த்து, மறுமுனையில் ஒரு முடியையோ கம்பியையோ சொருகி, சோடியம் வெளிச்சத்தில் பட்டைகளை எண்ணி அதன் தடிமனைக் கண்டுபிடிப்போமே. முடிக்குப் பதில் என்னுடைய 0.0015 தகட்டைச் சொருகினேன்.

சேர்ந்த முனையிலிருந்து தகடு வரை 40 மி.மீ. மஞ்சள் ஒளியில் கறுப்புக் கறுப்பாக இழை மாதிரி பட்டைகள். 20 பட்டைகள் 5.60 மி.மீ. இடத்தை எடுத்தன. ஒரு பட்டைக்கு 0.28. சோடியம் ஒளியின் அலைநீளம் 589.3 நானோமீட்டர். கணக்குப் போட்டால் தடிமன் 0.042 மி.மீ. இருக்க வேண்டியது 0.038.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. தகட்டை வெளியே எடுத்து, நீள விளிம்பில் நகத்தை மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு போயிற்று, மறுபக்கம் லேசாகப் பிடித்தது. வெட்டும்போது வந்த பிசிறு. எண்ணெய்க்கல்லில் தகட்டைப் படுக்க வைத்து, அழுத்தாமல் நான்கே இழுப்பு. துடைத்து மறுபடி சொருகினேன். இப்போது 20 பட்டைகள் 6.16 மி.மீ. தடிமன் 0.0383. தகடு சரியாகத்தான் வந்திருக்கிறது. பிசிறுதான் அதைத் தடிமனாகக் காட்டியது. இத்தனை வருடம் மாணவர்களுக்கு முடியின் தடிமனைக் காட்டிய அதே கண்ணாடிகள், இன்று என் வாத்தியத்துக்கு உதவின. அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

---

டூல்ரூம் பெரியவர் | வியாழன், இரவு 8.30

சோடியம் விளக்கு சார், அருமை. 0.004 மி.மீ. பிசிறை நகம் கண்டுபிடித்தது பாருங்கள். புதுப் பையன்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுத்தது அதைத்தான்.

ஆய்வக வசதி இல்லாதவர்கள் மைக்ரோமீட்டரில் பார்க்கலாம், ஆனால் 0.01 படிக்கும் சாதாரண மைக்ரோமீட்டர் மெல்லிய தகட்டுக்குப் போதாது. 0.001 படிக்கிறது வேண்டும். அளப்பதற்கு முன் மைக்ரோமீட்டரின் வாயில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து லேசாக மூடி இழுத்துவிடுங்கள், தூசி வந்துவிடும். பிறகு பூஜ்யம் பாருங்கள். முனையில் உள்ள ராட்செட்டைத்தான் திருக வேண்டும், பெரிய உருளையான திம்பிளை அல்ல. தகட்டின் நடுவில் ஒன்று, முனையில் ஒன்று, இரு ஓரத்திலும் ஒவ்வொன்று என்று நான்கு இடத்தில் பாருங்கள். பழைய தகடு முனையில் தேய்ந்து மெலிந்திருக்கும். மடங்கிய தகட்டை நிமிர்த்தி வைத்துக்கொள்ளாதீர்கள், தூக்கிப் போடுங்கள்.

டூ வீலர் கடை ஃபில்லர் கேஜ் பயன்படுத்துகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் 0.04, 0.25, 0.60, 0.85 மி.மீ. என்றிருக்கும். எரிக் பிராண்டு முறைத் தகடுகள் 0.038, 0.254, 0.61, 0.864. பக்கத்தில்தான் இருக்கின்றன, ஆனால் ஒன்றல்ல. எந்தத் தகட்டால் அளந்தோம் என்று எண்ணுக்குப் பக்கத்தில் எழுதிவிட்டால் பிறகு சண்டை வராது.

---

கருங்குழல் | சனி, மாலை 6.50

இரண்டு நாள் பதில் போடவில்லை, மன்னிக்கவும். எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

முதலில் ஸ்லிப் கேஜ். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மோல்டு பட்டறை. விஷயத்தைச் சொன்னதும் ஒரு அண்ணன் பெட்டியையே எடுத்து வைத்துவிட்டார், கையுறையும் கொடுத்தார். 1.00ல் 1.02 காட்டியது. 1.20ல் 1.22. 1.50ல் 1.52. மூன்றிலும் அதே 0.02 அதிகம். அந்த அண்ணன் லூப்பில் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, பூஜ்ய முனையில் கூர் மழுங்க ஒரு சின்னச் சரிவு தேய்த்திருக்கிறார்கள் என்றார். சுமார் 0.2 மி.மீ. அகலம். என் ஆப்பு 1 மி.மீ. நீளத்துக்கு 0.1 தடிமன் ஏறுகிறது. சரிவுக்கு உள்ளே தொட்டுக்கொண்டிருப்பதை நான் வெளி விளிம்பில் படிக்கிறேன். 0.02 சரியாகப் பொருந்துகிறது.

ஆனால் 1.24ல் 0.02 கழித்தாலும் 1.22தான். இன்னும் 0.02 எங்கிருந்தோ வருகிறது.

அப்புறம் திருப்பிப் பார்த்தேன். தகட்டைத் திருப்பினேன், கையை மாற்றினேன், எதிர்ப்பக்கத்திலிருந்து விட்டேன். எப்படிச் செய்தாலும் இடது ரெயிலில்தான் 37. வித்தியாசம் மவுத்பீஸோடு போகிறது.

பெரியவரே, ஒரு நிமிடம் மனம் உடைந்துவிட்டது. ஆறு வருடம் வாசித்த மவுத்பீஸ் கோணலா என்று. பிறகு வாசல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். இடது ரெயிலில், வளைவு ஆரம்பிப்பதற்குக் கொஞ்சம் பின்னால், அரிசியில் கால்வாசி அளவுக்கு வெளுத்த ஒரு படலம். எங்கள் ஊர்த் தண்ணீர் உப்புத் தண்ணீர். கழுவிவிட்டு அப்படியே ரீடை வைத்துக் கட்டிவிடுவேன். அங்கே உப்பு படிந்து இறுகியிருக்கிறது.

---

சோடியம் விளக்கு | சனி, இரவு 7.30

அதுதான்! டேபிளின் (ரீடைக் கட்டும் சமதளம்) பின்முனையிலிருந்து அந்த இடம் ஏறத்தாழ 30 மி.மீ. என்று வையுங்கள். டிப் 52 மி.மீ. படலம் வெறும் 0.02 தடிமன் இருந்தாலும், கண்ணாடி பின்முனையை ஊன்றிக்கொண்டு நிமிர்வதால் இடது பக்கம் டிப்பருகே 0.035 தூக்கும். ஒரு பக்கம் மட்டும் தூக்குவதால் நடுவில் அதில் பாதி, கிட்டத்தட்ட 0.02. மெல்லிய தகட்டுக்குப் போட்டுப் பார்த்தேன், இடது ரெயிலில் மூன்று கோடு கூட வேண்டும். 34க்குப் பதில் 37. நீங்கள் எழுதிய எண்ணேதான்.

வெந்நீர் மட்டும் வேண்டாம், எபோனைட் நிறம் மாறிவிடும். வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, பஞ்சில் நனைத்து அந்த இடத்தில் சில நிமிடம் வையுங்கள். மரக்குச்சியால் தள்ளினால் வரும். கத்தியோ ஊசியோ பக்கத்தில் கொண்டு போகாதீர்கள்.

---

பேண்டு மாஸ்டர் மகன் | சனி, இரவு 9.15

அண்ணா, இதைப் படித்துவிட்டு அப்பாவின் பழைய மவுத்பீஸை எடுத்துப் பார்த்தேன். இரண்டு ரெயிலிலும் அதே வெள்ளைப் படலம். கடைசி வருடங்களில் "ரீடு சரியாக உட்கார மாட்டேன் என்கிறது" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். ரீடு கம்பெனியைத்தான் குறை சொன்னோம்.

---

கருங்குழல் | ஞாயிறு, காலை 11.20

படலம் போய்விட்டது. மூன்று முறை பஞ்சு வைக்க வேண்டியிருந்தது. தகட்டின் பிசிறையும் எண்ணெய்க்கல்லில் எடுத்துவிட்டேன். பத்து தடவை அளந்தது:

டிப்: எட்டு தடவை 1.22, இரண்டு தடவை 1.21. கேஜின் 0.02 கழித்தால் 1.20.
மெல்லிய தகடு: இடது 34, வலது 34. எந்தத் தடவையும் கால் கோட்டுக்கு மேல் நகரவில்லை.
மற்றத் தகடுகள்: 22, 12, 6.

"0.02 கழி" என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கண்ணாடிப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டிவிட்டேன். நேற்று இதே மவுத்பீஸைத் தேய்க்கத் தொடங்கியிருந்தால், இல்லாத கோணலைச் சரிசெய்கிறேன் என்று நல்ல ரெயிலைக் கெடுத்திருப்பேன். நினைத்தாலே கை நடுங்குகிறது.

---

டூல்ரூம் பெரியவர் | ஞாயிறு, மதியம் 12.05

அந்தச் சீட்டில் இன்றைய தேதியையும் எழுதுங்கள் தம்பி. ஆறு மாதம் கழித்து அதே ஸ்லிப் கேஜில் மறுபடி பாருங்கள். ஆப்பும் தேயும்.

இன்னொரு யோசனை. வாசிக்காமல் வைத்திருக்கும் மவுத்பீஸ் யாரிடமாவது இருந்தால், அதை ஒரு பெட்டியில் போட்டு இங்கே உள்ளவர்களுக்குச் சுற்றுக்கு விடுங்கள். ஆளுக்கு ஆள் தன் கேஜில் அளந்து, எண்ணைப் பிறருக்குக் காட்டாமல் ஒரு உறையில் போட்டு வைக்கட்டும். எல்லோரும் முடித்ததும் பிரித்துப் பார்ப்போம். யாருடைய கேஜ் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

---

கடலோரக் கிளாரிநெட் | ஞாயிறு, மதியம் 2.40

என்னிடம் ரீடே வைக்காத பி45 ஒன்று இருக்கிறது. நாளைக் காலை கூரியரில் கருங்குழலுக்கு அனுப்புகிறேன். அங்கிருந்து சோடியம் விளக்கு சாருக்குப் போகட்டும். என் எண்ணை இப்போதே எழுதி உறையை ஒட்டிவிட்டேன்.

---

பேண்டு மாஸ்டர் மகன் | ஞாயிறு, மாலை 4.10

என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேஜ் இன்னும் வாங்கவில்லை, பெட்டி என் கைக்கு வருவதற்குள் வாங்கிவிடுவேன். பிசிறு இருக்கிறதா என்று நகத்தை ஓட்டிப் பார்த்துத்தான் எடுப்பேன்.